ஒரகடத்துச் சாலையோரத்தில் ஒரு தேள்கொடுக்கு

திருப்பெரும்புதூரிலிருந்து தெற்கே ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்க்கு அச்சாலையின் தோற்றத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இருபுறமும் நீண்ட மதிற்சுவர்கள்; அவற்றிற்கு அப்பால் தகரக் கூரை வேய்ந்த பெருங் கூடங்கள்; இரவென்றும் பகலென்றும் பாராமல் ஊர்ந்து செல்லும் கொள்கலன் லாரிகள்; முறைவேலைக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலும் அதற்குப் பின்னரும், நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமி இரும்பும் கண்ணாடியும் விளையும் பூமியாக மாறிவிட்டது.

ஆயினும் இப்பகுதியின் பழைய முகம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று நம் முன்னோர் அழைத்தது காரணப் பெயரே. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம், திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று ஊருக்கோர் ஏரி இன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் நீர், மாசி, பங்குனியில் மெல்ல வடிகின்றது. வடிந்த இடத்தில், எவரும் விதைக்காமலே, பொடுதலையும் செருப்படையும் மாசிபத்திரியும் முளைத்துப் படர்கின்றன. தொழிற்சாலை மதிலுக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள மழைநீர்க் கால்வாய்களின் ஓரத்திலும் இக்குடிகளுள் சில வந்து குடியேறிவிட்டன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றேன். அதைப் பற்றி எழுதுவதற்கு அழகு மட்டும் காரணமன்று. ஒரு குழந்தையின் நலம் அச்செடியோடு பிணைந்திருந்தது. அதனை எனக்குக் காட்டிக் கொடுத்தவை சில வண்ணத்துப்பூச்சிகள்.

குப்பையில் கூடிய கூட்டம்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஒரகடத்தை அடுத்த தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நோயுற்றிருந்த ஒருவரைக் கண்டுவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தேன். வழிகாட்டுவதற்கு ஏழாம் வகுப்பில் பயிலும் பீடச் சிறுவன் ஒருவன் உடன் வந்தான். மழைக்காலம் வருமுன் கால்வாய்களைத் தூர்வாரும் வேலை நடந்து முடிந்திருந்தது. வெட்டிப் போட்ட செடிகள் கரை நெடுகக் குவியல் குவியலாகக் கிடந்தன. மூன்று, நான்கு நாள் வெயிலில் அவை சருகாகியிருந்தன.

சிறுவன் சட்டென்று நின்றான். ஒரு குவியலின் மேல் ஐம்பது அறுபது வண்ணத்துப்பூச்சிகள் அமர்ந்திருந்தன. கருஞ்சிறகில் வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும் கொண்டவை பெரும்பாலானவை. கரும்பழுப்புச் சிறகின் ஓரத்தில் வெண்புள்ளிகள் தைத்தவை சில. ஆரஞ்சு வண்ணத்தில் கறுப்பு முனை கொண்டவை இரண்டோ மூன்றோ. நாங்கள் அருகில் சென்றும் அவை பறந்தோடவில்லை. கள்ளுண்டவர் போல் மயங்கிக் கிடந்தன.

“பூவே இல்லையே சாமி! செத்த செடியில இதுங்களுக்கு என்ன வேலை?” என்றான் சிறுவன்.

நியாயமான வினா. மலரில் தேன் உண்ண வருவது வண்ணத்துப்பூச்சியின் இயல்பு என்றுதான் நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். பத்தடி தள்ளிக் கால்வாய்க் கரையில் எருக்கும் பூத்திருந்தது, உண்ணிச்செடியும் பூத்திருந்தது. அவற்றை விட்டுவிட்டு இந்தச் சருகை ஏன் நாடின? எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். குவியலில் இருந்தது எந்தச் செடி என்று முதலில் அறிவோம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஒரு செடி, மூன்று பெயர்

வெட்டுக்குத் தப்பிய செடி ஒன்று நீரோரத்தில் நின்றது. ஒன்றரை அடி உயரம். சதைப்பற்றுள்ள தண்டு முழுதும் மெல்லிய மயிர். இலை அகன்று நுனி கூர்ந்தது. அதன் மேற்பரப்பு இஸ்திரி போடாத துணி போல் சுருங்கி மேடுபள்ளமாக இருந்தது. உச்சியிலிருந்து ஒரு சாண் நீளத்திற்குப் பூங்கதிர் ஒன்று எழுந்து, நுனியில் உள்நோக்கிச் சுருண்டிருந்தது. கதிரின் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு வரிசையாக, மிகச் சிறிய பூக்கள். ஐந்து இதழ், நிறம் வெண்மையோ ஊதாவோ என்று ஐயுறத்தக்க வெளிர்மை, நடுவில் மஞ்சள் பொட்டு.

சீமை நாயுருவி என்று நான் முதலில் கருதினேன். அது தவறு. சீமை நாயுருவியின் கதிர் நேராக விறைத்து நிற்கும், நுனி சுருளாது, பூவும் நல்ல நீலம். எங்கள் உபதேசியாரிடம் காட்டினேன். அவர் ஒரு பார்வையிலேயே, “தேள்கொடுக்கு, சாமி” என்றார். சுருண்ட கதிர் தேள் தூக்கிய வாலைப் போலவே இருப்பதைப் பார்த்தபோது, பெயர் வைத்தவனின் கண்ணை வியந்தேன்.

ஆனால் அங்கிருந்த முதிய விவசாயி ஒருவர் மறுத்தார். “இது இல்லீங்க தேள்கொடுக்கு. அதுக்குக் காயில ரெண்டு கொக்கி இருக்கும், மாட்டு வாலுல மாட்டிக்கும்” என்றார். அவர் கூறியதும் பொய்யன்று. மெக்சிகோ நாட்டிலிருந்து இங்கு வந்து பரவிய வேறொரு செடி உண்டு. அகன்ற பிசுபிசுத்த இலையும், கறுத்துக் காய்ந்த காயில் வளைந்த இரு கொக்கிகளும் உடையது. புலிநகம் என்றும் காக்காமூக்கு என்றும் சொல்வர். சில ஊர்களில் அதற்கும் தேள்கொடுக்கு என்றே பெயர். ஒன்றுக்குக் காயினால் வந்த பெயர். மற்றொன்றுக்குக் கதிரினால் வந்த பெயர். பெயர் ஒன்று, செடி இரண்டு. நாட்டு மருந்து தேடுவோர் இத்தகைய இடங்களில்தான் இடறி விழுகின்றனர்.

மறு ஞாயிறு, வட மாநிலத் தொழிலாளர்கள் சிலர் ஆலயத்திற்கு வந்திருந்தனர். ஜார்க்கண்டிலிருந்து வந்து உதிரிபாகத் தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், என் மேசை மேல் கிடந்த செடியைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “எங்கள் ஊரில் இதற்கு ஹாத்திசூண்ட் என்று பெயர், ஃபாதர். யானைத் துதிக்கை என்று பொருள்” என்றார். ஊரைவிட்டு வந்த பின் தாம் அறிந்த முகம் ஒன்றை இந்தச் சாலையில் அன்றுதான் கண்டதாகவும் சொன்னார். வடமொழியிலும் இச்செடி ஹஸ்திசுண்டி. சிங்களத்தில் ஏத் ஹொண்ட. எல்லாம் யானைத் துதிக்கையே. தமிழன் அந்தச் சுருளில் தேளைக் கண்டான். வடவரும் சிங்களவரும் யானையைக் கண்டனர்.

ஐயம் தீர நூலைப் புரட்டினேன். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டில் ராபினட் உலர்தாவரச் சேகரத்தை நிறுவிய இயேசு சபைத் தந்தை மேத்யூ, தம் மாணவருடன் ஊர் ஊராக, மலை மலையாக நடந்து செடிகளைத் திரட்டினார். அவற்றை ஆராய்ந்து தமிழகச் சமவெளிகளின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1983-இல் வெளியிட்டார். 2004-இல் அவர் மறைந்தார். தமிழகத்தில் செடிகளை முறையாக அறிய விழைவோர்க்கு அந்நூல் இன்றும் துணை. அம்முறையில் ஒவ்வோர் அடையாளமாக ஒப்பிட்டு வந்தபோது, இறுதி ஐயத்தைத் தீர்த்தது காய். தேள்கொடுக்கின் காய் மிளகினும் சிறிது. இரண்டு கூர்களாகப் பிரிந்து நிற்கும். ஆயர்கள் வழிபாட்டில் அணியும் இருகூர்த் தலையணியை ஒத்த வடிவம் என்றே தாவர நூலார் அதனை வருணிக்கின்றனர். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்த பீடச் சிறுவன், “அய்யோ, அப்படியே ஆண்டவர் தொப்பி!” என்று கூவிவிட்டான்.

அறிவியலார் இதற்கு இட்ட பெயர் ஹீலியோட்ரோப்பியம் இண்டிகம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் இப்பெயர் உள்ளது. கிரேக்க மொழியில் ‘கதிரவனை நோக்கித் திரும்புவது’ என்பது முதற்சொல்லின் பொருள். உண்மையில் இச்செடியின் பூ கதிரவனைப் பின்தொடர்வதில்லை. சுருள்தான் நாள்தோறும் சிறிது சிறிதாக அவிழ்கின்றது. அடியில் உள்ள பூ முதலில் மலர்ந்து காயாகும்போது, நடுவில் உள்ளது மலர்ந்து நிற்கும்; நுனிச் சுருளில் அரும்புகள் உறங்கிக் கொண்டிருக்கும். ஒரே கதிரில் முதியோர், இளையோர், மழலையர் என மூன்று தலைமுறையும் கூடி வாழும் குடும்பம் அது.

பச்சைச் செடிக்கு வரும் விருந்தினர்

செடியை அறிந்தபின் அதன் விருந்தினரை அறிய வேண்டுமன்றோ? அடுத்த சில வாரங்கள், காலைத் திருப்பலி முடிந்ததும், அக்கால்வாய்க் கரையில் அரைமணி நேரம் நிற்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். லாரி ஓட்டுநர் சிலர் வண்டியை நிறுத்தி, “வழி தெரியலீங்களா?” என்று அன்புடன் கேட்டதும் உண்டு.

உயிருள்ள செடியின் பூவிற்கு வருவோர் எளியவர்கள். கட்டைவிரல் நகத்தினும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகள் தாழப் பறந்து வந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுச் செல்லும். வெயில் ஏறியதும் கொம்புத்தேனீக்கள் வரும். பூவின் வாய் மிகச் சிறியதாதலின், பெரிய வண்டுகளைக் காணவில்லை.

இலைகளின் இடையே ஒருநாள் ஒரு சிறு அந்துப்பூச்சி கண்ணிற்பட்டது. அந்து என்றால் இரவில் திரியும் மங்கல் நிறப் பூச்சி என்றே நினைப்போம். இதுவோ பட்டப்பகலில் பறந்தது. வெண்சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் தெளித்துச் சேலைக்கு அச்சிட்டாற் போல் விளங்கியது. இதன் புழு தேள்கொடுக்கின் இலையையும் கிலுகிலுப்பைச் செடியையும் உண்டு வளர்வது. ஒளிந்து வாழ வேண்டிய சிற்றுயிர் இத்துணைப் பகட்டாக உடுத்தித் திரிவது எதனால்? “என்னை உண்ணாதே, உண்டால் வருந்துவாய்” என்று பறவைகளுக்கு அது விடுக்கும் எச்சரிக்கையே அவ்வுடை. தான் உண்ட இலையின் நஞ்சை அது உடலில் தேக்கி வைத்திருக்கின்றது. ஆம், வாசகர்களே, நஞ்சு. அச்சொல்லில்தான் சிறுவனின் வினாவிற்கு விடை இருந்தது.

சருகைத் தேடுவது எதற்காக?

சருகில் மொய்த்த நீலவரிப் பூச்சியை ஆங்கிலத்தில் புளூ டைகர் என்பர். வெண்புள்ளி தைத்த கரும்பழுப்புப் பூச்சி காமன் க்ரோ. ஆரஞ்சு வண்ணத்தது பிளெயின் டைகர். மூன்றும் ஒரே குலம். இவற்றுள் பிளெயின் டைகரின் புழு எருக்கிலையையும், க்ரோவின் புழு அரளியையும், புளூ டைகரின் புழு கொடிப்பாலையையும் உண்டு வளரும். இக்குலத்தார் தென்னாட்டில் பெரும் பயணிகள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளியை நோக்கியும், மழை ஓய்ந்தபின் புரட்டாசி, ஐப்பசி மாதங்களையொட்டிக் கிழக்கிலிருந்து மேற்கே மலையை நோக்கியும் திரள் திரளாகப் பறக்கின்றன. நாங்கள் கண்டவை அப்பயணத்தில் வழியில் தங்கியவையாக இருக்கலாம்.

குவியலருகே குந்தி அமர்ந்து பார்த்தால் ஓர் அதிசயம் புலப்படும். பூச்சி தன் உறிஞ்சுகுழலை நீட்டிச் சருகின் மேல் ஒரு துளி நீரை உமிழ்கின்றது. அந்நீரில் சருகின் சத்து கரைந்ததும் மீண்டும் அதனை உறிஞ்சிக் கொள்கின்றது. மற்றோர் அதிசயமும் உண்டு. புளூ டைகர்ப் பூச்சியின் பின்சிறகு அடிப்புறத்தில் சிறு பை போன்ற புடைப்பு இருந்தால் அது ஆண். குவியலில் நான் நோக்கிய நீலவரிப் பூச்சிகளுள் ஏறத்தாழ எல்லாவற்றிற்கும் அப்பை இருந்தது. வந்திருந்தது ஆண்களின் கூட்டம்!

தேள்கொடுக்கு தன்னை மேய வரும் உயிர்களிடமிருந்து காத்துக் கொள்ள ஒருவகைக் கசப்பு நஞ்சைத் தன் உடலில் ஆக்குகின்றது. பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்பது அதன் பெயர். செடி காய்ந்து நொறுங்கும்போது அந்நஞ்சு வெளிப்பட்டு, அதன் சிதைவிலிருந்து எழும் வாசனை காற்றில் பரவுகின்றது. அதுவே ஆண் பூச்சிகளை அழைக்கும் மணியோசை. மேற்கிந்தியத் தீவாகிய டிரினிடாடில் வில்லியம் பீப் என்ற அமெரிக்க அறிஞர், இதே தேள்கொடுக்கைக் காயவைத்துத் தொங்கவிட்டு, அந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கவர்ந்திழுத்ததை 1955-இல் எழுதினார். அதன் காரணம் 1969 வாக்கில் அமெரிக்க வேதியியலார் செய்த ஆய்வுகளால் விளங்கியது. இக்குலத்தைச் சேர்ந்த ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் மயிர்த்தூரிகை ஒன்று உண்டு. பெண்ணை நாடிச் செல்கையில் அதனை விரித்து ஒருவகை மணப்பொடியைத் தூவுகின்றது. அம்மணத்தை அது தானாக ஆக்க இயலாது. செடியின் நஞ்சிலிருந்தே அதனை வடித்தெடுக்க வேண்டும். நஞ்சு அருந்தாத ஆணுக்கு மணமில்லை. மணமில்லாதவனுக்குப் பெண் எளிதில் இசைவதில்லை.

இதோடு முடியவில்லை. கூடும்போது ஆண் அந்நஞ்சின் ஒரு பகுதியைப் பெண்ணுக்கு அளிக்கின்றது. பெண் அதனைத் தன் முட்டைகளுக்கு ஊட்டுகின்றது. முட்டையைத் தின்ன வரும் எறும்பும் வண்டும் விலகிப் போகின்றன. மணமகன் கொண்டு வரும் சீர், பிறக்கப் போகும் பிள்ளைகளுக்குக் காவலாகின்றது. செத்த செடியில் என்ன வேலை என்று கேட்டானே சிறுவன், அதற்கு இதுவே விடை: பிள்ளைகளைக் காக்கும் மருந்தைத் தந்தைமார் தேடி வந்திருந்தனர்.

ஆயாவின் உரல்

இவ்விடையை நான் சிறுவனுக்கு விளக்கிக் கொண்டிருந்தபோது அவன் முகம் மாறியது. “சாமி, எங்க ஆயா இந்தத் தழையைத்தான் இடிச்சுச் சாறெடுத்துத் தங்கச்சிக்குக் குடுக்குது. இருமலுக்கு நல்லதுன்னு” என்றான்.

அன்றிரவே அவ்வீட்டிற்குச் சென்றேன். தந்தையும் தாயும் ஆளுக்கொரு தொழிற்சாலையில் முறைவேலை. மூன்று வயதுப் பெண் குழந்தையை வளர்ப்பவர் ஆயாவே. முற்றத்து உரலில் பச்சை உலராமல் இருந்தது.

“எங்கம்மா எனக்குக் குடுத்தாங்க, நான் என் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, சாமி” என்றார் அவர். அவர் சொல்லில் பிடிவாதமில்லை. அறுபது ஆண்டு அனுபவம் இருந்தது. அதனை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. அவர் தாய் தந்தது எந்தத் தேள்கொடுக்கு என்பதும், உட்கொள்ளத் தந்தாரா மேலுக்குப் பூசினாரா என்பதும் இப்போது யாருக்குத் தெரியும்?

நான் அவருக்குச் சொன்னவற்றை வாசகக் குடும்பங்களுக்கும் சொல்கின்றேன். இந்நஞ்சு உண்டவுடன் கொல்வதன்று. ஆதலால்தான் எவரும் அதனை ஐயுறுவதில்லை. சிறுகச் சிறுகக் கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து வயிறு வீங்கும். அப்போது இருமலுக்குக் குடித்த சாற்றை யார் நினைப்பார்? சிறு குழந்தைகளின் உடல் இதனை மிகக் குறைவாகவே தாங்கும்.

ஜமைக்கா தீவில், அன்னையர் அன்போடு காய்ச்சிக் கொடுத்த மூலிகைத் தேநீரே குழந்தைகளின் கல்லீரல் நோய்க்குக் காரணம் என்பதை 1950களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதில் இருந்தது கிலுகிலுப்பை இனச் செடிகள் முதலியவற்றின் இதே வகை நஞ்சு. நம் நாட்டில், இன்று சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில், 1975-இல் சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்துவிட்டதால் 67 பேர் நோயுற்று 28 பேர் மாண்டனர். அதே பத்தாண்டில் ஆப்கானிஸ்தானத்தின் வடமேற்கே, தேள்கொடுக்கின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் விதை கோதுமையில் கலந்ததால் ஊர் ஊராக மக்கள் இதே நோய்க்கு ஆளாயினர். தேள்கொடுக்கிலிருந்தே பிரித்தெடுத்த ஒரு பொருள் புற்றுநோய்க் கட்டிகளை எதிர்க்கும் என்று 1976-இல் அறிவிக்கப்பட்டு, அமெரிக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்தும் சோதிக்கப்பட்டது. கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. தேர்ந்த மருத்துவர்கள், அளந்து கொடுத்தும், அஞ்சி விட்டுவிட்ட பொருளை நாம் உரலில் இடித்துச் சங்கில் ஊற்றலாமா?

ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ பூச்சிக்கு ஆகுது, பிள்ளைக்கு ஆகாதா?” என்று கேட்டார். ஐந்து பத்தியில் நான் எழுதியதை ஐந்தாறு சொல்லில் அடக்கிவிட்டார். எழுந்து சென்று உரலை மூன்று முறை கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். தழையையும் கொண்டுபோய்க் காட்டும்படி சொல்லியிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் குறையேதும் இல்லை. சாறு கொடுத்தது நான்கைந்து வேளைதானாம். இருமலுக்குக் காரணம் குளிர்காற்றும் சாலைப் புழுதியும் என்றார் மருத்துவர். ஒரு மாதம் கழித்து மீண்டும் பரிசோதித்தபோதும் நலமே. அதுவரை நான் நிம்மதியாக உறங்கவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

பிடுங்கிவிடலாமா?

செய்தி பரவியதும் குடியிருப்பில் சிலர் மண்வெட்டியுடன் கிளம்பிவிட்டனர். நச்சுச் செடியை ஊரில் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நான் தடுத்தேன். தேள்கொடுக்கு எவர் வீட்டு வாயிலிலும் வந்து தன்னைக் குடிக்கச் சொல்லவில்லை. பச்சையாக நிற்கும்போது ஆடுமாடுகளும் பெரும்பாலும் அதனை ஒதுக்கியே மேய்கின்றன. குற்றம் செடியில் இல்லை. பெயர் மட்டும் அறிந்து இயல்பை அறியாத நம்மிடம் இருக்கின்றது. தீவனப்புல்லோடும் தானியத்தோடும் அது கலவாமல் பார்த்துக் கொள்வதும், சாறாகவோ கஷாயமாகவோ உட்கொள்ளாமல் இருப்பதுமே போதுமான காவல். புண்ணுக்கு அரைத்துக் கட்டுவதையும் கற்ற மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டாம்.

அதற்கு மாறாக, அதனை முற்றிலும் அழித்துவிட்டால் இழப்பு சிறியதன்று. மலையிலிருந்து கடற்கரைச் சமவெளிக்கும், சமவெளியிலிருந்து மலைக்கும் பயணம் செய்யும் அச்சிறகுகளுக்கு வழியில் கிடைக்கும் சீர் இது. மேய்ச்சல் நிலமும் வேலிப்புதரும் மதிலுக்குள் போய்விட்ட இவ்வட்டாரத்தில், ஏரிக்கரையும் கால்வாய் ஓரமுமே எஞ்சியுள்ள சத்திரங்கள். அவற்றையும் களைக்கொல்லி தெளித்துச் சுத்தம் செய்துவிட்டால், பயணிகள் எங்கே தங்குவர்?

ஆயா ஒரு வழி சொன்னார். ஏரியின் மேல்கரையில், மாடு போகாத மூலையில், பத்துப் பதினைந்து செடி நிற்கட்டும். பிள்ளைகள் யாரும் வாயில் வைக்காமல் தாமே பார்த்துக் கொள்வதாகச் சொன்னார். எந்தச் செடி எங்கே முளைக்கும், எந்த மாதம் பூக்கும் என்பதை என்னைவிடவும் நூல்களைவிடவும் நன்கறிந்தவர் அவர். அந்த அறிவு வீணாகலாகாது. அதனோடு புதிய அறிவும் சேர வேண்டும், அவ்வளவே.

வாசகக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவோரச் செடிகளுள் பத்தின் பெயரை உங்கள் வீட்டு முதியவரிடம் கேட்டுப் பிள்ளைகளோடு எழுதி வையுங்கள். ஒரு செடிக்கு இரு பெயர் உண்டா, ஒரு பெயருக்கு இரு செடி உண்டா என்று பாருங்கள். எந்தச் செடிக்கு எந்தப் பூச்சி வருகின்றது என்று ஒரு வாரம் கவனியுங்கள். மூலிகை என்று எவர் சொன்ன தழையையும், அது இன்னதென்று உறுதி செய்யாமலும் மருத்துவரைக் கேளாமலும் குழந்தைக்கு ஊட்டாதீர்கள்.

இம்முறை தூர்வாரியபோது, பிடுங்கிய தேள்கொடுக்கை லாரியில் ஏற்றாமல் கரையிலேயே உலர விடும்படி பீடச் சிறுவன் வேலையாட்களைக் கெஞ்சிக் கேட்டிருக்கின்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு குவியலை விட்டுச் சென்றனர். நான்காம் நாள் மாலை அவன் ஓடி வந்தான். “வந்துடுச்சுங்க சாமி!” என்றான். ஆயாவும் பேத்தியை இடுப்பில் தூக்கிக் கொண்டு வந்திருந்தார். சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. சருகின் மேல் நீலச் சிறகுகள் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. குழந்தை கை நீட்டியது. ஆயா அக்கையை மெல்லப் பற்றி, “தொடாதே கண்ணு, பாரு போதும்” என்றார்.